துரை வைத்த பெயர்

மலாயாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பொழுது விடிவதே வெள்ளைக்காரத் துரையின் "ஓஃப்!" என்ற அதட்டலில்தான். பால்வாளி கவிழ்ந்தால் ஓஃப். சலாம் பிந்தினால் ஓஃப். ஒருமுறை தம் நாயையும் அப்படியே வைதார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நான் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். மடையன் என்றிருந்தது. அதற்கு முந்தைய பொருள் வேறு: அவர்கள் நாட்டில் எல்ஃப் என்னும் குட்டிச்சாத்தான், மனிதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகுமாம். அந்த மாற்றுப்பிள்ளைதான் முதல் ஓஃப். சொல் மெல்லப் பொருள் இறங்கி, கப்பலேறி, எங்கள் கூலி லயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கந்தர்வக்கோட்டை வேலம்மாள் இங்கே பால்வெட்டுபவள். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதற்குப் பெயரிடவே அஞ்சினாள். எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளை தங்காவிட்டால், அடுத்த வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கி, தவிட்டான் என்று பெயர் வைப்போம். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான். தோட்டத்திலோ அரிசி தீட்டி மூட்டையாக வருகிறது. தவிட்டுக்கு எங்கே போவது?

"கிராணி அய்யா, தொரை வையிறாரே, அதுக்கு என்ன அர்த்தமுங்க?"

சொன்னேன்.

"பேய் போட்டுட்டுப் போன புள்ளையா? திரும்பத் தூக்க வராதுல்ல?"

"தன் புள்ளைய அது எதுக்குத் திருடுது?"

"அப்ப அதையே வச்சிருவோம்."

அவள் புருஷன் குதித்தான். "பகல் பூரா தொரைகிட்ட வாங்குறது பத்தலையா? வீட்டுக்குள்ளயும் வேணுமா?"

"ஒங்களுக்கு அது வசவு. எம்புள்ளைக்குக் காப்பு."

ஓபுசாமி என்று பெயராயிற்று. பிள்ளை தங்கினான், நடந்தான். துரை அதட்டும்போதெல்லாம் "என்னங்க தொரை?" என்று ஓடிவந்து நின்றான், ஆட்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் தவித்தார்கள். துரை என்னிடம் விளக்கம் கேட்டார். பழைய பொருளோடு சொன்னேன். "உங்கள் ஜனங்களுக்கு எத்தனை மூடநம்பிக்கை!" என்று வருந்திவிட்டு, மறுநாள் முதல் வேறு வசைச்சொல்லுக்கு மாறிக்கொண்டார்.

சென்ற ஆண்டு விடுப்பில் வேலம்மாள் குடும்பமும் நானும் ஒரே கப்பலில் ஊர் திரும்பினோம். கந்தர்வக்கோட்டையில் பையனின் அத்தை அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொகம் நம்ம மொகந்தான். பேச்சு வேறயா இருக்கே. அங்கிட்டு மாத்திக் குடுத்துட்டாங்களாடி?"

"ஆமா மதினி. அதனாலதான் இருக்கான்," என்றாள் வேலம்மாள்.

அத்தை விடவில்லை. முறத்தில் தவிடு கொண்டுவந்து சடங்கை முறைப்படி செய்து, "தவிட்டா, இங்கிட்டு வாடா!" என்றாள். அதே நேரம் தாய், "ஓபு!" என்றாள். பையன் எந்தப் பக்கமும் நகரவில்லை. மலாயாச் சட்டையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டபடி நடுவிலேயே நின்றான்.