ஓம் அண்ணை

ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் இரண்டு இரைச்சல்கள் இருந்தன. ஒன்று உடுப்புத் தோய்க்கும் மெஷின். மற்றது அக்காவின் ரொக் இசைக்குழு. அக்கா கிற்றார் வாசித்துப் பாடுவாள். கூடப் படித்த டெனிஷ் பையன்கள் இருவரில் ஒருவன் ட்ரம்ஸ், மற்றவன் பேஸ் கிற்றார். தொடக்கத்தில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். மேலே குசினியில் கோப்பைகள் ஆடும். எனக்கு ஒன்பது வயது. உலகத்திலேயே பெரிய குழு அதுதான் என்று நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒடென்சேயிலிருந்து பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தொலைபேசியில் புத்திமதி சொல்லுவார். ஒருநாள் அதைக் கேட்டபடியே அம்மா உடுப்பு எடுக்கக் கீழே வந்தார். "ஓம்... ஓம்... ஓம்..." என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குழு அப்போது பாட்டொன்றைப் பதிவுசெய்துகொண்டிருந்தது. அம்மாவின் குரலும் அதில் விழுந்துவிட்டது.

அம்மா மேலே போனதும் ட்ரம்ஸ்காரன் பயபக்தியோடு, "உன்னுடைய அம்மா மந்திரம் சொல்கிறாரா?" என்று டெனிஷில் கேட்டான். எங்கள் ஓம், அவர்கள் சொல்லும் 'யா'தான், வெறும் ஆமாம்தான் என்று அக்கா விளக்கியிருக்கலாம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓம்" என்றாள். அவனுக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அதன் பிறகு குழு மாறிப்போனது. அம்மாவின் ஓமைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அதைச் சுற்றி மெதுவாக வாசித்தார்கள். ட்ரம்ஸ்காரன் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கப் பழகினான். அக்கா கத்துவதை விட்டுப் பாடத் தொடங்கினாள். கோப்பைகள் சும்மா இருந்தன. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கோடை இசைவிழா ஒன்றுக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள்.

செய்தி மாமாவுக்கும் போய்விட்டது. "பொம்பிளைப் பிள்ளை பெடியளோடை மேடையிலை நிக்கிறதோ? நிப்பாட்டு," என்று அவர் அதட்டியது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"ஓம் அண்ணை, நிப்பாட்டுறன்," என்றார் அம்மா.

அக்கா பாவம், ஒன்றும் அறியாமல் பாடிப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நிப்பாட்டுவார், நாளைக்கு நிப்பாட்டுவார் என்று நான் அம்மாவின் முகத்தையே பார்த்துத் திரிந்தேன். அம்மா தன்பாட்டில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்வந்தார்.

விழாவன்று ஸ்பீக்கர்களைக் காரில் ஏற்றியதும் அம்மா, காரை ஓட்டியதும் அம்மா. வெயிலில் காய்ந்த புல்வெளியில் நானும் அவரும் பின்வரிசையில் நின்றோம். கடைசிப் பாட்டில் அம்மாவின் குரல் மேடையிலிருந்து எழுந்தது. பியர்க் கோப்பையும் கையுமாக நின்ற அவ்வளவு சனமும் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" என்றது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அந்த நேரம் பார்த்து மாமா அழைத்தார்.

"ஓம் அண்ணை. கோயிலுக்கு வந்தனாங்கள். ஓம், சரியான சனம். பிள்ளையளும் நிக்கினம்."

மாமா தனக்காகவும் கும்பிடச் சொன்னார் போலும். அதற்கும் அம்மா ஓம் என்றார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, மேடையில் நின்ற அக்காவைப் பார்த்து அழுதார்.

அக்காவை நிப்பாட்டுவதாகச் சொன்னதை அம்மா மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஞாபகப்படுத்திவிடக் கூடாதென்று, வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.