துரை கண்ணுக்கு நேரே

வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது கொழுந்தைத் தூளாக்குகிற தொழிற்சாலைக்கு, புது டிரையர் வந்தது. இலையைச் சூட்டுக் காற்றில் காயவைக்கிற இயந்திரம். சூடு பார்க்க முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்னால் பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு சிவப்புக் கோடு. பாதரசம் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

குழாயை எந்த உயரத்தில் மாட்டுவது என்று இயந்திரம் பூட்ட வந்த பிட்டர் கேட்டார். வெள்ளைக்காரத் துரை வந்து நின்று தன் கண்ணுக்கு நேரே விரலை வைத்தார். சவுக்கு மரம் மாதிரி ஆள். நான் அவர் சட்டைப்பைக்கு வருவேன். டிரையரைப் பார்க்கிற வேலை எனக்கு.

கோட்டைப் பார்த்துத்தான் விறகு போட்டேன். தூள் ஈரமாகவே வந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்து பார்த்தார். அவரும் உயரம்.

"கோட்டுக்குக் கீழ கெடக்கு. என்னத்த பாக்கிற?"

"கோட்டுலதாங்க நிக்குது."

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணில் பழுதில்லை என்றார்கள்.

"கண்ணு நல்லாருக்கு. அப்ப வாய்தான் கெட்டுப்போச்சு," என்றார் டீமேக்கர் ஐயா.

என் மனைவிக்கு அதே ஸ்டோரில் சல்லடை வேலை. என்னைவிட ஒரு சாண் உயரம். தேத்தண்ணி கொண்டு வந்தவள் குழாயைப் பார்த்தாள்.

"கீழதாங்க இருக்கு."

"நீயுமா?"

முழங்காலை மடக்கி மறுபடி பார்த்தாள். "இப்ப ஏறிருச்சு."

"என்னா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. உங்க உசரத்துக்கு வந்தேன்."

குழாய் தகட்டைவிட்டு விலகி நின்றது. கீழேயிருந்து பார்த்தால் பாதரசம் ஏறினாற்போல் தெரியும். டீமேக்கர் ஐயாவைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"ஒனக்கு நான் குனியணுமா?"

பெட்டி போட்டு ஏறினேன். விழுந்தால் யார் பதில் சொல்வது என்று பெட்டியை எடுக்கச் சொன்னார். குத்துமதிப்பாக விறகைக் கூட்டினேன். தூள் கருகியது.

"நாளையிலருந்து மலைக்குப் போ. முள்ளுக் குத்து."

முள்ளுக் குத்துவது என்றால் தேயிலைக்கு நடுவே மண்ணைக் கிளறுவது. வட்டவளை மழையில்.

அன்று துரை சுற்றிப் பார்க்க வருகிற நாள். அவர் நாயும் கூட வரும். என் மனைவி டிரையருக்கு அடியில் ஒரு துண்டு கருவாட்டைத் தள்ளிவிட்டாள்.

நாய் உள்ளே போனது. கூப்பிட்டும் வரவில்லை. துரை குந்தி அதன் பின்னங்காலைப் பிடித்தார்.

"தொரை, சூடு எவ்வளவுங்க?" என்றேன்.

குந்தியபடியே அண்ணாந்து பார்த்தார். "ரொம்ப மேல."

எழுந்தார். பார்த்தார். "கீழ."

மறுபடி குந்தினார். மறுபடி எழுந்தார். சல்லடைகள் நின்றுவிட்டன.

"காதைப் புடிச்சுக்கிட்டா தோப்புக்கரணம் முழுசாயிரும்," என்றாள் என் மனைவி, மெதுவாக.

துரை டீமேக்கர் ஐயா பக்கம் திரும்பினார். "நீ குந்து."

எனக்குக் குனியாதவர் துரைக்குக் குந்தினார்.

மாலைக்குள் குழாயைக் கழற்றி என் கண்ணுக்கு நேரே மாட்டினார்கள். நான் மலைக்குப் போகவில்லை. அதன்பிறகு சூடு பார்க்க வந்தால் டீமேக்கர் ஐயா குனிந்துதான் பார்த்தார். துரையும் அப்படித்தான்.

ஒருநாள் டீமேக்கர் ஐயா தூளை அள்ளி முகர்ந்தார்.

"கருவாட்டு வாசம் அடிக்குதே."

"கண்ணையும் வாயையும் பாத்துட்டோம். இனி மூக்கையும் ஆஸ்பத்திரியில காட்டிறலாமுங்களா?" என்றேன்.

யார் மூக்கை என்று சொல்லவில்லை.