மாடி வீட்டு மார்மன் பையன்கள்

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். அதில் ஒன்பது வீடுகளில் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள், அல்லது குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செங்கம் ரோட்டிலிருந்து ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் தெருக்களில் எதை எடுத்துக்கொண்டாலும் கணக்கு இப்படித்தான் வரும். காவி கட்டிய ஜெர்மானியர் இருக்கிறார். மௌன விரதம் இருக்கும் ரஷ்யப் பெண் இருக்கிறார். வெயிலைப் பார்த்தபடி கண்ணை மூடாமல் உட்காரும் ஒருவர்கூட இருந்தார். யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்ட தெரு, கழுத்தில் டை கட்டிய இரண்டு பையன்களைப் பார்த்ததும் சங்கம் கூட்டியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தின் கிணறுகளையும் கறவை மாடுகளையும் கடலை விளைச்சலையும் எண்ணியவன். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. எங்கள் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சின்ன சமையலறையும் சும்மாக் கிடந்தன. வேங்கிக்காலில் இருக்கும் ஒரு தெரிந்த குடும்பத்தார் கேட்டதால் அந்தப் பையன்களுக்கு விட்டேன். அந்தக் குடும்பம் ஏற்கெனவே மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. பையன்கள் அந்தச் சபை ஊழியத்துக்கு அனுப்பியவர்கள். ஊரில் அப்படி மொத்தம் மூன்று குடும்பங்கள்.

ஒருவன் ராஜமுந்திரிப் பக்கத்துப் பையன், ஒல்லி. இன்னொருவன் பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவுக்காரன். தேசப்படத்தில் சுண்டுவிரலை வைத்தால் அவன் நாடு மறைந்துவிடும். ஆனால் ஆளை மறைக்க எங்கள் வாசற்கதவு போதாது. அவ்வளவு பெரிய உடம்பு. இருவருக்கும் வயது இருபதுகூட ஆகவில்லை. சட்டைப்பையில் குத்தியிருந்த கறுப்பு வில்லையில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்ட என் மனைவிக்குச் சொன்னேன்.

"மீசை மொளைக்கல, பெரியவராம்! நீங்க எழுபத்தெட்டு வயசுல சட்டையில பொத்தான் இல்லாம திரியிறீங்க" என்றாள்.

வந்த அன்றே சண்டை. அவள் டிகிரி காபி போட்டு எடுத்து வந்தாள். தீவுக்காரப் பையன் இரண்டு கைகளையும் மார்பில் வைத்து, "மன்னிக்கவும் அம்மா, நாங்கள் காபி அருந்துவதில்லை" என்றான். பாடப்புத்தகத் தமிழ். டீயும் கிடையாதாம். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் காபி வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். உன் வீட்டுப் பாத்திரத்தில் நான் வாய் வைக்க மாட்டேன் என்று பொருள். ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போனபோது யார் கொடுத்த தம்ளரையும் நான் தள்ளியதில்லை. என் வீட்டுக்கே வந்து ஒருவன் தள்ளுகிறானா?

"எங்க வீட்ல குடிக்க மாட்டியா, எங்கயுமே குடிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

ஒல்லிப் பையனுக்குப் புரிந்தது. ஆந்திராவிலும் இந்த வியாதி உண்டு. "அய்யோ, எங்கயுமே குடிக்க மாட்டோம் சார். எங்க கட்டுப்பாடு அது. மோர் இருந்தா குடுங்க, சொம்போட குடிக்கிறோம்" என்றான்.

சொம்போடு குடித்தார்கள். கோபம் தணிந்தது. ஆனால் காபி குடிக்காத கட்டுப்பாட்டின் மீது எனக்கு இன்றும் மரியாதை வரவில்லை.

அந்தக் கட்டுப்பாடுகளை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். ஆறரைக்கு எழ வேண்டும். எழுந்ததும் முழங்காலிட்டு ஜெபம், தண்டால், படிப்பு. பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை, டை. பங்குனி வெயிலிலும் டை. ராத்திரி பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். சினிமா கிடையாது. பெண்களோடு தனியாகப் பேச்சு கிடையாது. வீட்டுக்கு வாரத்தில் ஒருநாள்தான் போன், அது திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் துணி துவைப்பது, காய்கறி வாங்குவது எல்லாம். கொடியில் பத்து வெள்ளைச் சட்டைகள் தொங்கும். தீவுக்காரன் மொட்டைமாடி மூலையில் நின்று தன் அம்மாவுடன் பேசுவான். மொழி புரியாவிட்டாலும், சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதும், சாப்பிட்டேன் என்று இவன் சொல்வதும் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் இப்படி. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

சரி, என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன். வீடு வீடாகக் கதவு தட்டவில்லை. இந்த நாட்டில் அது கூடாது, கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அந்த மூன்று வீடுகளுக்குப் போனார்கள். மிச்ச நேரம் தமிழ் படித்தார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை எச்சில் தட்டும் பேப்பர் கப்பும் பொறுக்கினார்கள். முப்பத்தொரு கோணி. நானே போய் எண்ணினேன். போகும்போதும் வரும்போதும் தெருவில் பதினான்கு வீட்டுக்கும் வணக்கம் சொன்னார்கள். என் மனைவி ஒருநாள் கேழ்வரகுக் களி கிளறிக் கொடுத்தாள். தீவுக்காரன், எங்கள் ஊர்க் கிழங்கு மாதிரியே இருக்கிறது என்று சொல்லி ஐந்து உருண்டை சாப்பிட்டான். அவளுக்கு அப்போதே அவன் பிள்ளையாகிவிட்டான்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது அந்த ஜோடிச் சட்டம். ஒருவனை விட்டு ஒருவன் பிரியக் கூடாது. கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்தில் மற்றவன் இருக்க வேண்டும். கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் இரண்டு பேர். அதனால்தான் வம்பே வந்தது.

தீவுக்காரனுக்கு மஞ்சள் காமாலை. எங்கே என்ன தண்ணீர் குடித்தானோ, கண் இரண்டும் மஞ்சள் பூத்துவிட்டன. டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது, நீண்ட பயணம் கூடவே கூடாது என்றார். இவன் படுத்தான், ஒல்லியும் கட்டுண்டான். மருந்துக் கடை ஐந்து நிமிஷ நடைதான். ஆனால் இவனை விட்டு அவன் போக முடியாது.

"நான் இவன்கிட்ட ஒக்காந்துக்கினு இருக்கேன். நீ போய் வாங்கியா" என்றேன்.

"இல்ல சார், அது கணக்குல வராது."

எழுபத்தெட்டு வயது ஆள் கணக்கில் வர மாட்டேனாம்! அதையும் என்னிடம் சொல்கிறான், கணக்கெடுத்தே தலை நரைத்தவனிடம். திட்டித் தீர்த்துவிட்டு நானே பையைத் தூக்கினேன். விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து என் மனைவி கொடுப்பாள், நான் மாடிக்கு எடுத்துப் போவேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். முழங்கால் வலியோடு ஏறிப் போனால், இருவரும் ஜெபத்தில் இருப்பார்கள். படுத்திருப்பவன் கண்ணை மூடிக் கைகட்டியிருப்பான், மற்றவன் கட்டிலோரம் மண்டியிட்டிருப்பான். நடுவில் புகுந்து தம்ளரை நீட்டுவது நாகரிகம் இல்லை என்று நானும் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஜன்னல் திறந்திருக்கும்.

எதிர்வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து இது தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரன் தெரு நலச் சங்கத்தின் செயலாளன். எட்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிறவன். ஒரு வாரத்தில் தெரு முழுக்கச் செய்தி: சார் மதம் மாறிவிட்டார், தினமும் காலையில் மாடியில் கைகட்டி நிற்கிறார். பால்காரன்தான் வந்து என் மனைவியிடம் சொன்னான். அவள் என் நெற்றியைப் பார்த்தாள். விபூதி மூன்று பட்டையும் இருந்தது.

"நீங்க மாறினா எனக்குச் சொல்லிட்டு மாறுங்க. காபி போடுற வேலையாவது கம்மியாவும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கூட்டம். பதினொரு பேர் வந்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி உடைந்தபோது நான்கு பேர்தான் வந்தார்கள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். அந்தப் பசங்கள வர்ற பௌர்ணமிக்குள்ள காலி பண்ணச் சொல்லிடுங்க" என்றான் செயலாளன்.

"எதுக்குப்பா?"

"மதம் மாத்துறானுங்கன்னு பேச்சு வருது."

"யார மாத்துனாங்க? பேரச் சொல்லு, எண்ணிக்கிறேன்."

பின்வரிசையில் ஒருவன், "மொத ஆளு நீங்கதான் சார். அடுத்த வாரம் டை கட்டிடுவாங்க" என்றான். சிரித்தார்கள். கூட்டத்தில் இரண்டு பேர் நான் ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

"நாப்பது வருஷம் மலை சுத்தினவன்டா நான். இப்ப முட்டி விடல, அவ்ளோதான். ஒடம்பு முடியாத புள்ளைக்கு மருந்து எடுத்துக்கினு போனா அது மதமா?"

"அதாங்க அவனுங்க டெக்னிக். குப்ப பொறுக்குறானுங்களே, அது என்னா? தூண்டில்."

"தூண்டில்ல புழு எங்கப்பா? கோணியில எச்சத் தட்டுதான் இருந்துச்சு. அதுல பாதி உன் கெஸ்ட் அவுஸ் அன்னதானத் தட்டு."

செயலாளன் எழுந்து நின்று குரலை உயர்த்தினான். எல்லாரும் ஒத்துப்போனால் தெருவுக்கு நல்லது, ஒத்துப்போகாவிட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பிறகு வருத்தப்படக் கூடாது என்றான். கையைத் தூக்கச் சொன்னான். பத்து கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. மௌன விரத ரஷ்யப் பெண் மாடிப்படியில் நின்று இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. வருஷ வாடகை முன்பணமாகக் கொடுப்பவர்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினால், தீவுக்காரன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, டை, கழுத்துப் பித்தானும் போட்டிருந்தான். முகம் மஞ்சளாக வேர்த்திருந்தது. காலடியில் இரண்டு பெட்டிகள். எதிர்வீட்டுக் கூச்சல் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒல்லி பெங்களூரில் இருந்த தங்கள் தலைவருக்குப் போன் செய்துவிட்டான். கார் அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார்.

"உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், ஐயா. நாங்கள் சென்றுவிடுகிறோம்" என்றான் தீவுக்காரன். நிற்கப் பார்த்தான். முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

எனக்குக் கூட்டத்தில் வந்த கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, இதுதான் கோபம். "ஒன்ன யாருடா போவச் சொன்னது? வீடு என்னுது. நான் சொன்னனா? அவுருடா அந்த டைய!" என்று கத்தினேன். கீழிருந்து என் மனைவி ஓடிவந்தாள். ஒரு பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், இன்னொன்றையும் தள்ளினாள்.

ஒல்லியிடம் போனை வாங்கி அந்தத் தலைவருடன் பேசினேன். ஆபீஸில் எழுதிய இங்கிலீஷ் முழுக்கத் திரும்பி வந்தது. ரத்தப் பரிசோதனை எண்களை வரிசையாகச் சொன்னேன். இந்த நிலையில் பெங்களூருக்குக் காரில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்டேன். உங்களுக்குச் சிரமம் வரக் கூடாது என்றுதான் சொன்னேன் என்றார் அவர், தன்மையான மனிதர். என் சிரமத்தை நான் எண்ணிக்கொள்கிறேன், நீங்கள் எண்ண வேண்டாம் என்றேன். அவர் டாக்டரிடமும் பேசிவிட்டு, கார் வராது என்றார்.

பௌர்ணமி வந்தது, போனது. பையன்கள் மாடியிலேயே இருந்தார்கள். தெரு சொன்னதைச் செய்தது. பத்து வீட்டார் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். வழக்கமாகச் சேர்ந்து பேப்பர் படிக்கும் இரண்டு பேர் டீக்கடையில் வேறு பெஞ்சுக்கு மாறினார்கள். ஒரு காதுகுத்துக்குப் பத்திரிகை வரவில்லை. என் மனைவிக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போனவள் அவள். ஆனால், "அனுப்பியிருக்கலாமோ?" என்று ஒருநாளும் அவள் என்னைக் கேட்கவில்லை. மாடிக்கு உப்பில்லாத சாதத்தைப் பிசைந்து அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கண் வெளுத்து, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் கீழே இறங்கினார்கள். தீவுக்காரனுக்குச் சட்டைக் கழுத்து இரண்டு விரல் தளர்ந்திருந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் முன்பு போலவே, ஒன்றுமே நடக்காதது போல, ஒவ்வொரு வீட்டுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தப் புத்தி எனக்கு இல்லை. பக்கத்து வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டில் பேப்பருக்குப் பின்னால் முகம் மறைந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு வாசலில் செயலாளனின் மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தீவுக்காரன் வணக்கம் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"ஒடம்பு தேவலையா தம்பி? ரொம்ப எளச்சிட்டியே."

"நலம் அம்மா. நன்றி."

உள்ளேயிருந்து செயலாளன் குரல்: "யார்கிட்ட அங்க பேசிக்கினு இருக்க?"

"மாடி வீட்டுப் புள்ளைங்ககிட்ட. காதுல விழுதில்ல?" என்று சத்தமாகச் சொன்னாள்.

என் மனைவி அதைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்படியெல்லாம் வரவில்லை. எதிர்வீடுதானே? ஜன்னலைத் திறந்தால் அந்தப் பிள்ளை படுத்திருந்த கட்டில் தெரியும். 'ஒடம்பு தேவலையா' என்ற ஒரு வார்த்தையைக் கேட்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. மற்றவர்கள் இன்னும் கேட்கவில்லை.