கூடுதல் நேரம்

திக்குகிற பிள்ளைகளுக்கு உதவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். பள்ளிக்கு ஒருவர் போகவேண்டும். கங்கைகொண்டான் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை.

"நீரே போயிட்டு வாரும் வே. உமக்குத்தான் அதுல அனுபவம் உண்டுல்லா?"

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். பார்க்கிற வேலையோ தமிழாசிரியர் வேலை. ஆண்டவன் சரியான குசும்புக்காரன். ஆனாலும் நான் ஆசையாகத்தான் போனேன். என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் என்னைப் போலவே திக்கும். திங்கட்கிழமை செய்யுள் ஒப்பிக்கும் தேர்வு. ஆளுக்கு ஐந்து நிமிடம், அதற்குள் சொன்ன வரிக்குத்தான் மதிப்பெண். பாட்டு முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவள், போன தடவை முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு முட்டை வாங்கினாள். அவளுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாமா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் கொட்டை எழுத்தில் போட்டுக் காட்டினார்: 'அவர்கள் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். காத்திருங்கள்.' எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டோம். அடுத்து அறிமுகம்.

"த... த... த..." என்றேன்.

"தச்சநல்லூரா? ரொம்ப சந்தோஷம். உக்காருங்க சார்."

தமிழாசிரியர் என்று சொல்ல வந்தவன் நான். அன்று முழுக்க அவருக்கு நான் தச்சநல்லூர் சார். ஊருக்குத்தானே உபதேசம்!

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார். எழுந்தேன்.

"கூ... கூ..."

"கூல்டிரிங்ஸா? சாப்பாட்டோட வரும் சார்."

மண்டபமே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. பக்கத்து நாற்காலி ஆசிரியர் என் கையைத் தட்டி, "பைய சொல்லும் வே, பதறாதேயும்" என்றார். பைய! பிறந்ததிலிருந்து ஊரே எனக்கு ஊற்றிக்கொண்டிருக்கும் மருந்து அது. இன்றுவரை குணமில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு திரையைக் கை காட்டினேன். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். தான் எழுதியதைத் தானே வாசித்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். வெளியே சொதிக் குழம்பு மணத்தது. அத்தனை பேர் வயிறும் இரைந்தது. நான் ஆற அமரத் திக்கி, என் கேள்வியைக் கடைசி எழுத்துவரை கேட்டு முடித்தேன்.

"சட்டத்துல ஆசிரியருக்குப் பயிற்சி குடுக்கணும்னுதான் சார் இருக்கு. பிள்ளைக்கு நேரம் குடுக்கணும்னு இல்லையே" என்றார்.

நல்லா இருக்கே நியாயம்! நான் சொதியை ஒரு பிடி பிடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் எழுந்து நின்றாள். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி மல்லுக்கட்டி வந்தது. ஐந்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. நான் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் தலைமையாசிரியர் வந்து நின்றார்.

"என்ன வே, இந்தப் பிள்ளைக்கு முடிஞ்சிட்டா?"

"மு... மு... மு..."

"முடிஞ்சிட்டுல்லா? பெறகென்ன, அடுத்த ஆளக் கூப்பிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இருந்த பேச்சும் நின்றுபோனது. அந்தப் பெண் என்னையே பார்த்தாள். நான் முடிப்பேன் என்று காத்திருந்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"சா... சார் இன்னும் பே... பேசி முடிக்கல, சார்" என்றாள்.