கணக்கு சாருக்கு எழுதிக் கொடுத்த எண்கள்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சந்தில், லாட்ஜின் மாடியில் இருந்த டிடிபி சென்டரில் சித்தி வேலை பார்த்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. முதலாளி மெல்லிசாக மூன்று புதுக் கீபோர்டுகள் வாங்கி வந்தபோது, இரண்டை மற்ற மேஜைகளுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வந்ததைப் பெட்டியோடு அலமாரிமேல் ஏற்றிவிட்டாள். பழுப்பேறிப் போன, கனமான, அடித்தால் தெருவரைக்கும் கேட்கிற பழையதுதான் அவளுக்கு வேண்டும். தமிழ்த் தட்டெழுத்தில் ஹையர் பாஸானவள். மலையாளமும் அதே வேகத்தில் வரும். இங்கிலீஷ் எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. "அ-வுக்குன்னு ஒரு கீ இருக்கும்போ எதுக்கு ஏ-யைப் போயி அடிக்கணும்?" என்பாள்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால், பெரிய லீவு முழுக்கச் சித்தியின் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கீபோர்டில் எழுதியிராத குறிகளை அவள் வரவழைக்கிற விதம்தான் எனக்குப் பெரிய அதிசயம். இடதுகையால் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு, வலப்பக்கத்து எண்களில் 0176 அடித்தால் டிகிரிக்குப் போடுகிற குட்டி வட்டம் வரும். 0247 வகுத்தல் குறி. 251 வர்க்கமூலம். எதையும் அவள் எழுதி வைத்திருக்கவில்லை. கேட்டால், "விரலுக்குத் தெரியும் மக்ளே" என்பாள். நான் அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்தேன்.

இந்தக் குறிகளுக்காகவே எங்களிடம் வருகிறவர் கணக்கு சார். ஏதோ ஒரு டியூட்டோரியலில் பாடம் நடத்தினார். வாரத்துக்கு ஒரு கேள்வித்தாள் என்று தொடங்கியது இரண்டாயிற்று, மூன்றாயிற்று. முன்பெல்லாம் கொடுத்துவிட்டுப் போய் மறுநாள் வந்து வாங்குவார். பிறகு, குறிகள் மாறிப்போய்விடக் கூடாது என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் ஒரே ஒரு டிகிரி வட்டம் விட்டுப்போயிற்று என்பதற்காகக் கரமனையிலிருந்து பஸ் ஏறி, கோடைமழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். பேனாவால் போட்டிருந்தால் ஒரு நொடி வேலை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து, முப்பத்தொரு குறிகளையும் அவற்றின் எண்களையும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு முழுத்தாளில் எழுதினேன். அடுத்த தடவை அவர் வந்தபோது சித்தி பேங்குக்குப் போயிருந்தாள். தாளை அவர் கையில் கொடுத்தேன்.

"சாரே, இனி நீங்க இங்க வரண்டாம்."

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சித்தி சொன்னாங்களா?"

"பின்னே? எல்லாம் சித்தி சொல்லித் தந்ததாக்கும்."

நான் சொன்னது எண்களைப் பற்றி. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்; அடிக்கக் கொண்டுவந்திருந்த கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் சித்தி தலையைத் தூக்குவாள். மறுபடி குனியும்போது அடிக்கிற சத்தம் கூடுதலாக இருக்கும். பிழையே விடாதவள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையைத் திருவளர்செல்வி ஆக்கிவிட்டாள். பெண்ணின் அப்பா வந்து குதித்துவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, சுவரிடம் சொல்வதுபோல, "அந்தக் கணக்கு சார் வேற கடைக்குப் போறாரோ என்னமோ" என்றாள்.

"அவரு இனி வரமாட்டாரு. நம்பர் எல்லாம் நான் எழுதிக் கொடுத்துட்டேம்லா" என்றேன்.

சித்தியின் கை நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன், அவர் என்ன கேட்டார் என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாள். பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அடப் பாவி மக்ளே" என்று மட்டும் சொன்னாள். திட்டுகிற குரலும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, ஆர்டர் நோட்டில் அவருடைய போன் நம்பரைத் தேடி எடுத்தாள். மூன்று தடவை போட்டுப் போட்டுக் கட் செய்தாள். நாலாவது தடவை பேசினாள்.

"சாரே, கடைசியா அடிச்ச பேப்பர்ல ஒரு தப்பு இருக்கு. நேர்ல வந்து பாத்தா நல்லது."

அரை மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கேள்வித்தாளை நான் உரக்க வாசிக்க, சித்தி திரையில் சரிபார்த்திருந்தாள், இரண்டு தடவை.

"சாரே, அதுல ஒரு தப்பும் இல்ல! நானாக்கும் வாசிச்சேன்!"

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். சார் என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார், மெல்லச் சிரித்தார்.

"உன் லிஸ்டு எனக்கு உபயோகப்படல்ல மோளே. என் லேப்டாப்ல வலப்பக்கம் அந்த எண்களே இல்ல" என்றார்.

"அதுக்கென்ன, இங்க இருக்குல்லா" என்றாள் சித்தி.

பிறகு என்னிடம் காசைக் கொடுத்து, மூன்று சாயாவும் பழம்பொரியும் வாங்கிவரச் சொன்னாள். "ஓடாத. பைய போயிட்டு வந்தா போதும்."

அடுத்த ஆவணியில் அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். ஆனால் அன்று சாயங்காலம் எனக்குள் இருந்ததெல்லாம் கோபம்தான். பயறு நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் முறையிட்டேன். நான் சரிபார்த்த தாளில் தப்பு என்று சித்தி பொய் சொன்னதையும், லேப்டாப்புக்குத் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்பது அவ்வளவு படித்த சாருக்குத் தெரியாததையும், அலமாரிமேல் ஒன்று சும்மா கிடந்தும் சித்தி அதை எடுத்துக் கொடுக்காததையும் விடாமல் சொன்னேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அவருக்கு எந்த ஊராக்கும்?" என்று கேட்டாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கல்யாணம் ஆகாத அக்கா தங்கை உண்டா, பேச்சு எப்படி, சிரித்தால் எப்படி இருப்பார் என்றெல்லாம் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆனால் கீபோர்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.