நெட்டி முறித்த கை

மடவார் வளாகத் தெருவில் அங்காளம்மாளைத் தெரியாத ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீடு வீடாக இட்லி மாவு ஆட்டிக் கொடுத்துத் தொடங்கி, இன்றைக்குப் பன்னிரண்டு பேரை வைத்துக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறாள். யார் தயவிலும் வளர்ந்தவள் இல்லை. ஆனாலும் அவளுடைய பெருமை சமையலில் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியோரம் வைத்து நெட்டி முறித்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் கைபிடித்துக் கொடுப்பது அவள்தான். அவள் அனுப்பிய பிள்ளை கண்கலங்கித் திரும்பியதில்லை என்று தெருவே சொல்லும்.

ராஜபாளையத்தில் படப்பிடிப்பு நடந்தபோது பெலிக்ஸ் வந்தான். சினிமாக்காரர்களுக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பவன்.

"அத்தே, பொண்ண அனுப்புற சீனு. நீங்க எப்பவும் செய்யிறதச் செஞ்சாப் போதும்."

பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். பங்களா வாசலில் பெரிய கார். நகை பூட்டிய சின்னப் பெண். முகத்தை வழித்து நெட்டி முறித்தபோது அங்காளம்மாளுக்கு நிஜமாகவே கண் நிறைந்துவிட்டது. "பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கிடுங்கய்யா" என்றாள். டைரக்டர் கைதட்டினார்.

படம் வந்த அன்று தெருவையே வேனில் ஏற்றிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். "வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கப் போறீய, பாருங்க!"

கோடீஸ்வரர்களுக்கு விலைபேசி அனுப்பப்படும் பெண்களைப் பற்றிய கதை அது. இடைவேளைக்கு முன்னால் அங்காளம்மாள் வந்தாள். வாய் அவளுடையது, குரல் வேறு யாருடையதோ.

"காலையில திருப்பி அனுப்பிருங்க சார்."

நெட்டி முறித்த சத்தத்தை மட்டும் தியேட்டர் அதிரக் கேட்கவிட்டிருந்தார்கள்.

திரும்பும்போது வேனில் பின் சீட்டில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மறுநாள் பெலிக்ஸை அவன் வீட்டு வாசலிலேயே பிடித்தாள்.

"கதை தெரியுமாலே ஒனக்கு?"

"தெரியும் அத்தே. சொன்னா வந்திருப்பீயளா? படந்தான, விடுங்க."

"ஒம் பொண்டாட்டியவும் இந்தக் கையாலதாம்லே அனுப்பி வச்சேன்."

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

அடுத்த முகூர்த்தத்துக்கு, மகள் கல்யாணச் சமையல் பேச அதே தெரு மாரிசெல்வி வந்தாள். வெற்றிலை பாக்கு வைத்தாள். சாம்பாரிலிருந்து பாயசம்வரை பேசி முடித்து, எழுந்தவள் வாசலில் தயங்கினாள்.

"மதினி, பொண்ண அனுப்பி வைக்க எங்க நாத்தனா வாரா. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

அங்காளம்மாள் அந்த வெற்றிலையை எடுத்து அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அடுப்படிக்கும் அவளையே நிக்கச் சொல்லு."