ஏழு புல்வெட்டிகளும் பாதி மேஜையும்

சான் ஹோசேயில் அமாரோ சில்வெய்ராவின் வீட்டுக்கு முன்னால் இரண்டு கட்டில் அகலத்துக்குத்தான் புல் இருந்தது. அதை வெட்ட அவரிடம் ஆறு இயந்திரங்கள் இருந்தன. எதற்கு ஆறு என்று கேட்டால், "வளர்ச்சிக் கட்டம்" என்பார்.

அவரைக் கெடுத்தது அவர் வேலை பார்த்த கம்பெனி. கடல் தாண்டி அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து ஏப்ரிகாட் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். தோட்டத்தை அழித்துக் கணினிக் கம்பெனி கட்டினார்கள். அங்கேயே புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒட்டிக்கொண்டார். கம்பெனி பங்குச் சந்தைக்குப் போன வருடம், புல் வெட்டுகிறவர் வரைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு பங்குதாரர் கூட்டத்தின் முதல் வரிசையில் போய் உட்காருவார்.

கூட்டத்தில் வருடா வருடம் யாராவது எழுந்து, "லாபம் கொட்டுதே, அதுல எங்களுக்குப் பிரிச்சுத் தர்ற டிவிடெண்ட் எங்கே?" என்று கேட்பார்கள். நிதித் தலைவர் வின்ஸ்லோ சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"உங்க கையில ஒரு டாலர் குடுத்தா வரி போக மிச்சத்தை நீங்க செலவழிச்சிடுவீங்க. எங்ககிட்டயே இருந்தா புது ஆராய்ச்சி, புதுத் தொழிற்சாலைன்னு அது மூணு டாலராகும். உங்க பங்கு விலையும் ஏறும். வளர்ச்சி நின்னுபோன கம்பெனிதான் டிவிடெண்ட் குடுக்கும். எங்களுக்கு இப்போதைக்கு அந்தத் திட்டம் இல்லை."

மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு இலவசக் குடையை வாங்கிக்கொண்டு போனார்கள். அமாரோ வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதுதான் வினை.

அவர் மனைவி ஒலிந்தாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அசோர்ஸில், தெர்செய்ரா தீவில் இருக்கும் அக்கா டெல்ஃபினாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சுய்யா. அவளுக்கு முழுசா இருட்டுறதுக்குள்ள என் மூஞ்சியை ஒருதடவை காட்டிட்டு வந்துடறேன்."

"தொள்ளாயிரம் டாலர் டிக்கெட். எடுத்துக் குடுத்தா இந்த வீட்டுக்கு வளர்ச்சி நின்னுபோச்சுன்னு ஊர் பேசும்."

"எந்த ஊரு? எதிர் வீட்டுக்காரனுக்கே உன் பேரு தெரியாது."

"இப்போதைக்கு அந்தத் திட்டம் இல்ல, ஒலிந்தா."

மறுவாரம் ஏழாவது புல்வெட்டி வந்து இறங்கியது. ஒலிந்தா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். அந்த ஏப்ரலில் தானும் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னபோது அமாரோவுக்கு வாயெல்லாம் பல்.

கூட்டத்தில் ஒலிந்தா நேராக மைக்குக்குப் போனாள். "நான் எங்க அக்காவைப் பார்க்கப் போகணும். டிவிடெண்ட் எப்போ குடுப்பீங்க?"

வின்ஸ்லோ சிரித்தார். "மேடம், ரொக்கம் வேணும்னா எங்களை எதுக்குக் கேக்கறீங்க? உங்க பங்குல கொஞ்சத்தை வித்துக்குங்க. அதுவும் டிவிடெண்ட் மாதிரிதான்."

"கம்பெனிப் பங்கு எங்க வீட்டுக்காரர் பேருல இருக்கு. அந்தாளு விக்க மாட்டார். வீட்டுச் சாமான்லதான் பாதி என்னுது."

"அப்போ உங்க பாதி உங்க இஷ்டம், மேடம்."

அரங்கமே சிரித்தது. கூடவே அமாரோவும் சிரித்தார், பாவம்.

அடுத்த சனிக்கிழமை அவர் கம்பெனிப் புல்லுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பினால், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனை. நாற்காலி ஆறில் மூன்று போயிருந்தது. தலையணை இரண்டில் ஒன்று போயிருந்தது. புல்வெட்டி மூன்று போய், நான்காவதில் எஞ்சினை மட்டும் கழற்றி விற்றிருந்தாள். சாப்பாட்டு மேஜையை நட்டநடுவில் ரம்பத்தால் அறுத்திருந்தாள். ஓர் இளம் எஞ்சினியர் ஒரு பாதியை இரண்டு காலோடு காரில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, பாதி மேஜையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"நான் வாடகை குடுக்கிற ரூமுக்கு இதுவே பெருசு சார்," என்றான் அவன் சந்தோஷமாக.

அமாரோ மனைவி பக்கம் திரும்பினார். "ஏ ஒலிந்தா, உனக்குப் பைத்தியமா?"

"கோட்டு போட்ட பெரிய மனுசன் சொன்னாரு, நீயும் சேர்ந்து சிரிச்சே. உன் பாதியில நான் கை வைக்கல. எண்ணிப் பாத்துக்க."

எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. ஜூனில் ஒலிந்தா அக்காவைப் பார்க்கப் போய்விட்டாள்.

மீதி மேஜையைச் சுவரில் சாய்த்து வைத்துச் சாப்பிட்டார் அமாரோ. சூப் கிண்ணம் மூன்று தடவை மடியில் கவிழ்ந்தது. கம்பெனிப் பங்கு அந்த மாதம் எகிறியது. சொல்லி மகிழ வீட்டில் ஆளில்லை. அழுகை வந்தது அவருக்கு. தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா உன்னைப் பாத்தாங்களா?"

"பாத்தா. கிழவி ஆயிட்டடின்னா. ரெண்டு பேரும் நாள்பூரா அழுதோம், அப்புறம் நாள்பூரா சிரிச்சோம். இங்க நான் நல்லா வளர்ந்துகிட்டு இருக்கேன்யா."

"எப்போ திரும்பி வருவே?"

கடல் தாண்டி ஒரு பெருமூச்சு கேட்டது. "இப்போதைக்கு அந்தத் திட்டம் இல்ல, அமாரோ."

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அமாரோ நாற்பது பங்குகளை விற்றுவிட்டு டிக்கெட் விற்கும் கடையில் போய் நின்றார். போக ஒருவருக்கு, வர இரண்டு பேருக்கு என்றார். கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வர்றதுக்கு அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா சார்?"

"இல்லம்மா. அதைக் கேக்கத்தான் போறேன்."